டிஸ்னி வேர்ல்டு போறோம், சாப்பாட்டுக்கு எங்க உக்கார்றது?

பிப்ரவரி 3, மதியம் (கேள்வி)

ஜூன் 10 ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டு போறோம், அஞ்சு ராத்திரி, ஹோட்டலும் டிஸ்னியோடதுதான். மாமனார், மாமியார், நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு (8 வயசு, 2 வயசு). மாமியார் முட்டைகூட தொட மாட்டாங்க, மாமனாருக்கு சுகர். உணவக லிஸ்ட்டை பார்த்தாலே தலை சுத்துது. எதை புக் பண்றது, எதை விடறது? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 3, ராத்திரி (பதில்)

ஒண்ணையும் புக் பண்ணாதீங்க. 2018ல நாங்க அப்பா அம்மாவோட போனப்ப நாலு நாளைக்கு ஏழு ரிசர்வேஷன் போட்டோம், அத்தனையும் ஆறு மாசம் முன்னாடி உக்காந்து போட்டது, கடைசில அந்த ஏழு நேரமும்தான் எங்களை ஓட்டிச்சு. பொண்ணு ஒரு ரைடு க்யூல பாதி தூரம் வந்துட்டா, "டேபிள் போயிடும் வா"ன்னு இழுத்துட்டு போனேன், அவ அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு. அதனால என் கட்சி இதுதான்: மொபைல் ஆர்டர் இருக்கு (டிஸ்னி ஆப்லயே சாப்பாடு ஆர்டர் போடறது), பசிக்கிற இடத்துல வாங்கி சாப்பிடுங்க, அவ்ளோதான்.

ரிசர்வேஷன் வேணும்னே தோணினா 180 நாளுக்கு முன்னாடியே திறந்துடும், அதனால ஜூனுக்கு இப்பவே லேட்டுதான்.

பிப்ரவரி 4

முதல்ல ஒரு தப்பை திருத்திடறேன். 180 நாள்ங்கிறது பழைய கணக்கு, நாங்க போன 2018ல அப்படித்தான் இருந்துச்சு. இப்ப 60 நாள். டிஸ்னி ஹோட்டல்ல தங்கறவங்களுக்கு இன்னும் ஒரு வசதி, செக்-இன் நாளுக்கு 60 நாள் முன்னாடி காலைல உக்காந்தா, தங்கற மொத்த நாளுக்கும் (அதிகபட்சம் 10 நாள்) ஒரே மூச்சுல போட்டுடலாம். உங்களுக்கு ஜூன் 10ன்னா ஏப்ரல் 11 காலைல. ஃப்ளோரிடா நேரம் 6 மணிக்கு ஆப்ல திறக்கும். லேட்டுன்னு பயமுறுத்திட்டேன், மன்னிச்சிடுங்க, நேரம் நிறையவே இருக்கு.

கேன்சல் பண்றதும் இப்ப லேசு. பெரும்பாலான இடத்துல ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் பண்ணலாம், சொல்லாம போகாம இருந்தாதான் ஒரு ஆளுக்கு 10 டாலர் பிடிப்பாங்க. முன்பணம் கட்டற இடங்களுக்கு விதி வேற, புக் பண்றப்பவே அங்க எழுதியிருக்கும், அதை படிச்சிடுங்க.

பிப்ரவரி 6

ரெண்டு நாளா இதையே யோசிச்சிட்டிருக்கேன். "ஒண்ணையும் புக் பண்ணாதீங்க"ன்னு பட்டுன்னு எழுதிட்டேன், ஆனா உங்க மாமனாருக்கு சுகர்னு நீங்க எழுதினது அப்பறம்தான் மண்டைல ஏறிச்சு. எங்க அப்பாவுக்கும் சுகர், அந்த 2018 பயணத்துல நடந்ததை நான் சொல்லியாகணும்.

மதியம் ஒன்றரைக்கு டேபிள். இடம் பேரு வேணாம். காலைல எட்டு மணிக்கு ரெண்டு இட்லி அளவுக்கு ஏதோ சாப்பிட்டு மாத்திரை போட்டவரு, ஒன்றரைக்கு சாப்பாடுன்னு நம்பி நடுவுல ஒண்ணும் வாய்ல போடல. நாங்க ஒண்ணு இருவதுக்கே போய் பேர் சொன்னோம். கூப்பிடறப்ப ரெண்டு மணி. உக்காந்து, மெனு பார்த்து, ஆர்டர் எடுத்து, தட்டு வர்றப்ப ரெண்டரை. அதுக்குள்ள அப்பா சட்டை நனைஞ்சு போச்சு, கை நடுங்குது, பேசறது குழறுது. அம்மா ஹேண்ட்பேக்ல பொண்ணுக்குன்னு வெச்சிருந்த ஆப்பிள் ஜூஸ் டப்பாதான் காப்பாத்துச்சு. பத்து பதினஞ்சு நிமிஷத்துல தெளிஞ்சிட்டாரு, ஆனா அந்த பத்து நிமிஷம் நான் உக்காந்திருந்த விதம் எனக்குத்தான் தெரியும்.

அன்னைக்குதான் புரிஞ்சுது, ரிசர்வேஷன் நேரம்ங்கிறது சாப்பாட்டு நேரம் கிடையாது. அது வாசல்ல போய் பேர் குடுக்கற நேரம். வாய்க்கு சாப்பாடு வர அதுக்கு மேல முக்கால் மணி நேரம் கணக்கு வெச்சுக்கோங்க, ஒரு மணி நேரம்னு வெச்சுக்கிட்டா இன்னும் நிம்மதி. டாக்டருங்க சொல்ற 15-15 கணக்கை வீட்ல எல்லாருக்கும் சொல்லி வெச்சிடுங்க, சுகர் இறங்கினா உடனே 15 கிராம் சர்க்கரை உள்ள ஏதாவது (அரை கப் ஜூஸ் போதும்), 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாக்கறது. ஜூஸ் டப்பா பெரியவர் கைல இருக்கணும், உங்க பேக்ல இல்ல. நீங்க ரைடுல மேல சுத்திட்டு இருப்பீங்க, பேக் உங்களோட போயிடும்.

வெளிச் சாப்பாட்டை உள்ள விடுவாங்களான்னு பலருக்கு சந்தேகம். விடுவாங்க. கண்ணாடி பாட்டில் கூடாது (குழந்தை சாப்பாட்டு சின்ன ஜாடி மட்டும் பரவால்ல), மது கூடாது, உதிரி ஐஸ் கட்டி, ட்ரை ஐஸ் கூடாது. சூடு பண்ண வேண்டிய சாப்பாடா இல்லாம இருந்தா எடுத்துட்டு போலாம். தண்ணி வாங்கவே வேணாம், கூல்டிரிங்ஸ் விக்கிற எந்த கவுண்டர்லயும் ஐஸ் தண்ணி ஒரு கப் கேட்டா சும்மா குடுப்பாங்க.

இன்சுலின் இருந்தா: நாலு பார்க்லயும் (மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம்) ஃபர்ஸ்ட் எய்டு சென்டர் இருக்கு, மருந்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சு தருவாங்க. மேஜிக் கிங்டம்ல அது மெயின் ஸ்ட்ரீட் முடியற இடத்துல கிரிஸ்டல் பேலஸ் உணவகத்துக்கு பக்கத்துல. அதை ஒட்டியே பேபி கேர் சென்டர், அங்க மைக்ரோவேவ், ஹை சேர், பால் குடுக்க தனி ரூம் எல்லாம் உண்டு. ரெண்டு வயசு பையனுக்கு சாதம் பிசைஞ்சு ஊட்ட அதைவிட அமைதியான இடம் அந்த பார்க்லயே இல்ல.

பிப்ரவரி 7

மேல எழுதினதை திரும்ப படிச்சா நான் ரிசர்வேஷனுக்கு எதிரா ஆதரவான்னு எனக்கே தெரியல. இப்படி வெச்சுக்கலாம்: ஒரு நாளைக்கு ஒண்ணு. ரெண்டு வேணாம்.

பிப்ரவரி 9

அந்த ஒண்ணு எப்ப? இதுதான் நான் உண்மைல சொல்ல வந்த விஷயம், முதல்நாளே இதைத்தான் சொல்லியிருக்கணும்.

எல்லாரும் "எந்த உணவகம் நல்லாருக்கும்"னு ஆரம்பிக்கறாங்க. நான் இப்ப எந்த நேரத்துல எங்க வீட்டு ஆளுங்க உக்காந்தே ஆகணும்னு பாத்துட்டுத்தான் லிஸ்ட்டையே திறக்கறேன். பார்க்ல ஒரு நாள்ல எட்டு பத்து மைல் நடக்கறது சர்வ சாதாரணம். எப்காட்ல வேர்ல்டு ஷோகேஸ்ங்கிற, சுத்தி பல நாட்டு அரங்குங்க இருக்கற ஏரியை ஒரு தடவை சுத்தினாலே ஒண்ணே கால் மைல் கிட்ட வரும். ஜூன்ல அந்த ஊர் வெயில் பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் ஆளை உருக்கிடும், அதுக்கு நடுவுல ரெண்டு மூணு மணிக்கு இடி மின்னலோட மழை, அனேகமா தினமும். மழை வந்தா வெளில இருக்கற ரைடு எல்லாம் நிறுத்திடுவாங்க, அத்தனை கூட்டமும் கூரை இருக்கற கவுண்டர் உணவகத்துக்குள்ள வந்து நிக்கும், தட்டை கைல வெச்சிட்டு நாற்காலி தேடற குடும்பங்களை அன்னைக்கு பாக்கணும் நீங்க.

அதனால ஒரு ரிசர்வேஷனை ஒன்றரைக்கும் ரெண்டரைக்கும் நடுவுல போடுங்க. ஏசி, நாற்காலி, பாத்ரூம், தட்டு தானா வரும், ஒன்றரை மணி நேரம் யாரும் எழுப்ப மாட்டாங்க. ஆனா அந்த நேரத்துக்கு பசியோட போகக்கூடாது, பதினொண்ணுக்கு ஏதாவது சின்னதா சாப்பிட்டுட்டு போகணும். அப்பாவுக்கு நடந்ததுல இருந்து எங்க வீட்ல இதுதான் சட்டம், டேபிள் சாப்பாடு ஓய்வுக்கு, பசிக்கு சாப்பிடறது முன்னாடியே பேக்ல இருந்து.

பிப்ரவரி 10

மொபைல் ஆர்டர் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தாங்க. பசிக்கறப்ப ஆப் திறந்தா பன்னெண்டரை ஸ்லாட் எல்லாம் போயிருக்கும், ஒண்ணே முக்கால்தான் காட்டும். காலைல முதல் ரைடு க்யூல நிக்கறப்பவே பதினொண்ணே கால், பதினொன்றரை ஸ்லாட்டை பிடிச்சு ஆர்டர் போட்டு வெச்சிடுங்க. அங்க போய் "வந்துட்டேன், தயார் பண்ணுங்க"ன்னு ஒரு பட்டன் அழுத்தினாதான் சமைக்கவே ஆரம்பிப்பாங்க. அதை கிட்ட போனப்பறம் அழுத்தறதைவிட, ஒருத்தர் முன்னாடி போய் டேபிள் பிடிச்சிட்டு அழுத்தறது நல்லது. எங்க வீட்ல அது அம்மா வேலை, ஸ்ட்ரோலரை குறுக்க நிறுத்திட்டு உக்காந்துட்டாங்கன்னா அந்த டேபிள் எங்களுதுதான்.

பிப்ரவரி 17

முட்டை விஷயம். மாமியாருக்காக இதை கொஞ்சம் விரிவாவே எழுதறேன், எங்க அம்மாவும் அதே கட்சி.

அங்க வெஜிடேரியன்னு சொன்னா முட்டை அதுக்குள்ள அடங்கிடும், அவங்க வழக்கம் அது. கேக், பான்கேக், வாஃபிள், பல பிரெட் எல்லாத்துலயும் முட்டை. பார்மசான் சீஸ் செய்ய கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னெட் சேர்ப்பாங்க, சீசர் சாலட் டிரெஸ்ஸிங்ல நெத்திலி மாதிரி ஒரு மீன், மார்ஷ்மெல்லோல மிருகத்தோட எலும்பு, தோல்ல இருந்து எடுக்கற ஜெலட்டின். 2018ல ஒரு இடத்துல அம்மா வெறும் சாதமும் பீன்ஸும் வாங்கி பாதி சாப்பிட்டப்பறம், சும்மா கேட்டு வைப்போமேன்னு கேட்டேன், சாதமே சிக்கன் வேகவெச்ச தண்ணில வெந்ததுன்னு சொன்னாங்க. கறி கண்ணுல தெரியலைன்னா சைவம்னு நம்பினது என் தப்பு. அம்மா ஒண்ணும் சொல்லல, தட்டை மெதுவா தள்ளி வெச்சாங்க, அன்னைக்கு ராத்திரி வரைக்கும் பழம் மட்டும்தான். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது, வயசான காலத்துல பேரப்பசங்களுக்காக அவ்ளோ தூரம் வந்தவங்க.

இப்ப ஒரு நல்ல வழி இருக்கு. 2019ல டிஸ்னி மெனுவுல ஒரு இலை படம் போட ஆரம்பிச்சாங்க, செடியில இருந்து வர்றது மட்டும்ங்கிறதுக்கு அடையாளம், நானூறுக்கும் மேல ஐட்டம்னு அப்ப அறிவிச்சாங்க. இலை போட்டிருந்தா கறி, பால், முட்டை, தேன் நாலும் சேர்க்காம செஞ்சது. நம்ம ஆளுங்க பால் சாப்பிடுவாங்கதான், ஆனா முட்டை இல்லைங்கறதுக்கு அதைவிட சுலபமான அடையாளம் வேற கிடையாது. ஆப்லயே மெனு முழுசா இருக்கு, வீட்டுல இருந்தே பாத்துடலாம். டேபிள் உணவகம்னா ரிசர்வேஷன் போடறப்பவே எழுதிடுங்க, அங்க போய் சமையல்காரர்கிட்ட பேசணும்னு கேட்டா வந்து பேசுவாங்க. "வெஜ்"னு ஒத்தை வார்த்தைல நிறுத்தாதீங்க, "கறி இல்ல, மீன் இல்ல, முட்டை இல்ல, கறி வெந்த தண்ணியும் இல்ல, பால் பரவால்ல"ன்னு முழுசா சொல்லுங்க.

மார்ச் 1

ஸ்பிரிங் பிரேக்குக்கு நாங்களும் போறோம்னு முடிவாயிடுச்சு! அப்பா அம்மாவோட. நான் இங்க எழுதினதை எல்லாம் நானே பரிசோதிச்சிட்டு வந்து சொல்றேன்.

போட்டது நாலே ரிசர்வேஷன். அனிமல் கிங்டம் நாள் அன்னைக்கு சனா, எப்காட்ல கார்டன் கிரில், ஹாலிவுட் ஸ்டூடியோஸ்ல ஃபிப்டீஸ் பிரைம் டைம் கஃபே, கடைசி நாள் காலைல பொண்ணுக்காக ஷெஃப் மிக்கீஸ். மேஜிக் கிங்டம்ல ஒண்ணும் போடல, அங்க மொபைல் ஆர்டர்.

சாப்பாட்டு பிளான் (டிஸ்னிகிட்ட சாப்பாட்டுக்கு முன்னாடியே மொத்தமா காசு கட்டறது) வாங்கலாமான்னு கேட்டவருக்கு: கொரோனாவுல நிறுத்தினது 2024 ஜனவரில திரும்ப வந்துச்சு. ரெண்டு வகை. ஒண்ணு கவுண்டர் சாப்பாடு மட்டும், ஒரு ராத்திரி கணக்குக்கு ரெண்டு வேளை, ஒரு ஸ்னாக். இன்னொண்ணுல ஒரு கவுண்டர், ஒரு டேபிள், ஒரு ஸ்னாக். ரெண்டுலயும் ஹோட்டல்ல நிரப்பிக்கிற ஒரு மக். நாங்க வாங்கல. முட்டை கூட சாப்பிடாத பெரியவங்களும், சுகருக்காக அளவா சாப்பிடறவரும் இருக்கற வீட்டுக்கு அது கட்டுப்படியாகாதுன்னு நினைக்கிறேன், கட்டின காசுக்கு சாப்பிட்டாகணுமேன்னு ஒரு பாரம் வேற. உங்க 8 வயசுக்கு எங்க போனாலும் சின்னவங்க விலைதான், 10 வயசுலதான் பெரியவங்க கணக்கு. 2 வயசுக்கு பஃபேல காசு கிடையாது.

மார்ச் 22

வந்துட்டோம். காலு இன்னும் என்னோடது மாதிரி இல்ல. தூங்கிட்டு எழுதறேன்.

மார்ச் 23

சனாவை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அம்மா இன்னும் அதைப் பத்திதான் பேசிட்டிருக்காங்க.

இது பார்க்குக்குள்ள இல்ல. 2018ல பேரைப் பார்த்து அனிமல் கிங்டம் லாட்ஜ்னா அனிமல் கிங்டத்துக்குள்ளதான் இருக்கும்னு நினைச்சு பார்க் முழுக்க தேடினவன் நான். அது தனி ஹோட்டல், பார்க்ல இருந்து பஸ்லயோ கார்லயோதான் போகணும், நடக்க வழி கிடையாது. கிடானி வில்லேஜ்னு அதோட ஒரு பகுதில சனா. ஆப்பிரிக்க, இந்திய சமையல் கலந்தது. அங்க பிரெட் சர்வீஸ்னு ஒண்ணு, சாதா நான், பூண்டு இஞ்சி நான், வெங்காய குல்ச்சா, பனீர் பராத்தான்னு அஞ்சு வகை ரொட்டி, தொட்டுக்க ஒன்பது. கொத்தமல்லி சட்னி, புளி சட்னி, மாங்கா சட்னி, ரைத்தா, பூண்டு ஊறுகா, மிளகா சம்பல்னு அடுக்கி வெப்பாங்க. ரொட்டில முட்டை உண்டான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, நாங்க கேட்டு, சாப்பிடலாம்னு சொன்ன ரெண்டை மட்டும் அம்மாவுக்கு வெச்சோம். மூணு நாளா உப்பு உறைப்பு இல்லாம இருந்த அம்மா அந்த பூண்டு ஊறுகாயை நாக்குல வெச்சதும் கண்ணை மூடிட்டாங்க. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஒட்டகச்சிவிங்கி நின்னு இலை தின்னுட்டு இருக்கு. "அதுவும் நம்ம கட்சிதான்"னு அம்மா சொன்னதுக்கு பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா.

ஆனா மதியம் போங்க. சாயங்காலம் இருட்டினதுக்கப்பறம் வெளில ஒண்ணும் சரியா தெரியாது, மிருகத்துக்காக போறவங்க ராத்திரி டேபிள் போட்டா ஏமாந்துடுவீங்க. 2018ல எங்களுக்கு கிடைச்சது ராத்திரி எட்டு மணி, ஜன்னல்ல எங்க முகம்தான் தெரிஞ்சுது.

மார்ச் 23, இன்னும் கொஞ்சம்

பயண நேரத்தை விட்டுட்டேன். டிஸ்னி பஸ் ஹோட்டல்ல இருந்து பார்க்குக்கு போகும், ஹோட்டல்ல இருந்து இன்னொரு ஹோட்டலுக்கு நேரா போகாது. நடுவுல ஒரு பார்க்லயோ டிஸ்னி ஸ்பிரிங்ஸ்ங்கிற கடைத்தெருலயோ இறங்கி மாறணும், ஒரு மணி நேரம் சுளுவா போயிடும். அதனால சனாவுக்கு அனிமல் கிங்டம் நாளை விட்டா வேற நாள் வேணாம். காலைல மிருகமெல்லாம் சுறுசுறுப்பா இருக்கறப்ப சஃபாரி, பாண்டோரா (அவதார் படத்து உலகம் மாதிரி அமைச்ச பகுதி) ரைடு, அப்பறம் லாட்ஜ் பஸ். மேஜிக் கிங்டம்ல இருந்து வெளில போய் சாப்பிடணும்னா கண்டெம்ப்ரரி ஹோட்டல், பத்து பதினஞ்சு நிமிஷ நடை, அதுக்கு பஸ்ஸே வேணாம். மோனோரயில் அந்த ஹோட்டலோட நடு வயித்துக்குள்ளயே புகுந்து போகும், உங்க 2 வயசு வாண்டு அதைப் பார்த்துட்டே ரெண்டு வேளை சாப்பிடுவான்.

மார்ச் 25

கார்டன் கிரில். எப்காட்ல லேண்ட் கட்டடத்துக்குள்ள, மொத்த உணவகமும் மெதுவா சுத்திட்டே இருக்கும், கீழ லிவிங் வித் த லேண்ட் படகு போற காட்டையும் பாலைவனத்தையும் மேல இருந்து பாத்துட்டே சாப்பிடலாம். அங்க பரிமாறற காய்ல கொஞ்சம் அந்த படகு ரைடுல நீங்க பாக்கற கண்ணாடித் தோட்டத்துலயே விளையறது. அப்பா விவசாயம் பாத்த மனுஷன், மண்ணே இல்லாம வேரை காத்துல தொங்கவிட்டு தண்ணி தெளிச்சு தக்காளி வளக்கறதை பாத்துட்டு சாப்பிட வந்தவரு, தட்டுல வந்த காயை எடுத்து மோந்து பாத்தாரு. "வாசம் இருக்குடா"ன்னாரு. வேற ரைடு எதுலயும் அவர் முகம் அப்படி ஆகல.

சிப், டேல்ங்கிற டிஸ்னி கார்ட்டூன் அணிலுங்க வேஷத்துல டேபிளுக்கே வந்து நிப்பாங்க. பெரியவங்களுக்கு தலைக்கு 50 டாலருக்கு மேல ஆகற இடம், மேல ஆறரை சதவீதம் வரி, அப்பறம் டிப். நீங்க ஆறு பேரு, ஆறும் அதுக்கு மேலயும் போனா 18 சதவீதம் அவங்களே பில்லுல சேத்துடுவாங்க. அது தெரியாம மேல இன்னொரு 18 எழுதி கையெழுத்து போடாதீங்க, பில்லை ஒரு தடவை நிதானமா படிங்க.

இந்த விலைக்கு போகணுமான்னா, மிக்கி வேஷக்காரங்களை பாக்க பார்க்ல முக்கால் மணி நேரம் வெயில்ல க்யூ நிக்கறதுக்கு பதிலா உக்காந்த இடத்துலயே அவங்க வர்றாங்க, பெரியவங்களும் போட்டோல இருக்காங்க. ஒரே ஒரு கேரக்டர் சாப்பாடு மொத்த பயணத்துக்கும் போதும். ரெண்டு போட்டது நான் பண்ணின அதிகம். ஷெஃப் மிக்கீஸ் காலைல பொண்ணு சந்தோஷமாத்தான் இருந்தா, ஆனா அணில் பாத்தப்ப இருந்த அந்த துள்ளல் இல்ல.

மார்ச் 26

ஃபிப்டீஸ் பிரைம் டைம் கஃபே: 1950கள்ல அமெரிக்க வீட்டு சமையலறை மாதிரி செட். பரிமாறறவங்க சித்தி அத்தை மாதிரி அதட்டுவாங்க, மேஜைல முழங்கை வெக்காதே, காய் மிச்சம் வெக்காதேன்னு. எங்க பொண்ணு பீன்ஸ் தொட மாட்டா. அந்த அம்மா இடுப்புல கை வெச்சு நின்ன நிப்பைப் பாத்து ஒண்ணு விடாம சாப்பிட்டுட்டா. எங்க அம்மா, "நான் ஏழு வருஷமா சொன்னதை இவ ஒரு நிமிஷத்துல சாதிச்சிட்டா"ன்னு அவங்க கையை பிடிச்சு குலுக்கினாங்க. ரெண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது.

சைவத்துக்கு அங்க பெருசா ஒண்ணும் இல்லைங்கறதை மறைக்கல. அம்மா ஒரு தட்டுதான், அதுவும் சுமார்.

மார்ச் 29

இங்க என்னோட பிப்ரவரி 9 கட்சி கொஞ்சம் ஆட்டம் காணுது. "சாப்பாடு முக்கியமில்ல, உக்கார்ற நேரம்தான் முக்கியம்"ங்கற மாதிரி எழுதிட்டேன். பசங்களுக்கும் எனக்கும் அது சரி. எதையும் சாப்பிடற ஆளுக்கு எந்த நாற்காலியும் சரிதான். தேர்ந்து சாப்பிடற ஆளுக்கு, அன்னைக்கு ஒரு வேளையாவது மனசுக்கு பிடிச்சு சாப்பிட்டாதான் அந்த நாள் நல்ல நாள். சனாவுல அம்மா சாப்பிட்ட மதியம் சாயங்காலம் வரைக்கும் நடந்தாங்க, பிரைம் டைம் அன்னைக்கு நாலு மணிக்கே ஹோட்டலுக்கு போலாம்னாங்க. ரெண்டு நாளும் ஒரே வெயில், ஒரே நடை.

அதனால மாத்தி சொல்றேன். நாலு நாள்ல ரெண்டு நாள் ரிசர்வேஷன் மாமியாருக்காக, அவங்க மெனுவை முதல்ல பாத்துட்டு போடுங்க. மத்ததுல பசங்க இஷ்டம்.

மார்ச் 29, ராத்திரி

ரிசர்வேஷன் இல்லாம மேஜிக் கிங்டம்ல எப்படி ஓடிச்சுன்னு கேட்டிருக்கீங்க. நல்லா ஓடிச்சு. பதினொண்ணே காலுக்கு பினோக்கியோ வில்லேஜ் ஹவுஸ், மொபைல் ஆர்டர். அங்க ஜன்னலோரம் கிடைச்சா கீழ இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு படகு கிளம்பற இடம் தெரியும், போற ஒவ்வொரு படகுக்கும் பசங்க கை ஆட்ட, படகுல இருக்கறவங்க திரும்ப ஆட்ட, அதுலயே முக்கால் மணி நேரம் ஓடிடுச்சு. ஓய்வுக்கு மதியம் கொலம்பியா ஹார்பர் ஹவுஸ் மாடி. லிபர்ட்டி ஸ்கொயர் பக்கம், மீன் சாப்பாட்டுக்கு பேர் போன இடம், ஆனா மாடில பாதி நாற்காலி காலியா இருக்கும், பல பேருக்கு மாடி இருக்கறதே தெரியாது. சாயங்காலம் அலோஹா ஐல் கடைல டோல் விப், ஐஸ்கிரீம் மாதிரி ஒண்ணு. அன்னாசி மட்டும் வாங்கினா அதுல பால் கிடையாது, முட்டை கிடையாது. வெனிலா கலந்து வாங்கினா அது வேற. சர்க்கரை நிறைய, அதனால அப்பாவுக்கு ரெண்டு ஸ்பூன்தான், அந்த ரெண்டு ஸ்பூனுக்காக அவர் மதியமே சாதத்தை குறைச்சுக்கிட்டாரு.

அனிமல் கிங்டம்ல சனா கிடைக்கலன்னா பாண்டோரால சாட்டுலி கேன்டீன். கிண்ணத்துல அடில சாதமோ நூடுல்ஸோ, மேல என்ன வேணும், என்ன சாஸ்னு நாமளே சேத்துக்கற மாதிரி, டோஃபு உண்டு. 2017ல டிஸ்னி வேர்ல்டுல மொபைல் ஆர்டர் தொடங்கினதே இங்கதான். எப்காட்ல இன்னொரு யோசனை, இத்தாலி அரங்கு பக்கம் வியா நாப்போலிங்கிற பீட்சா உணவகம், மூணு விறகு அடுப்பு, மூணுக்கும் அந்த நாட்டு எரிமலைங்க பேரு, எட்னா, வெசூவியோ, ஸ்ட்ராம்போலி. மார்கரீட்டா பீட்சா பெரியவங்களுக்கு ஒத்துக்கும், மேல தூவற சீஸ் என்னன்னு மட்டும் கேளுங்க.

ஏப்ரல் 2

ஒருத்தர் ராத்திரி வாணவேடிக்கை முடிஞ்சு சாப்பிடலாம்னு எழுதியிருந்தாங்க. சுகர் இருக்கறவரோட வேணாங்க. முடிஞ்சதும் மொத்த கூட்டமும் ஒரே வாசலுக்கு வரும், அப்பறம் பஸ் க்யூ, ஹோட்டல் போய் சேர பத்தரை பதினொண்ணு. ஆறு மணிக்கு முழு சாப்பாடு முடிச்சிட்டு, ஒன்பது மணிக்கு கைல ஒரு பழமோ கடலையோ.

ஏப்ரல் 10, ராத்திரி

நாளைக்கு காலைல உங்க நாள். ஆப்ல கார்டு நம்பர் இப்பவே சேத்து வெச்சிடுங்க, அஞ்சே முக்காலுக்கே உள்ள போய் உக்காந்துக்கோங்க. கடைசி நாள்ல இருந்து பின்னோக்கி போடுங்க, வெளில தங்கறவங்களுக்கு அந்த நாளெல்லாம் இன்னும் திறந்திருக்காது, போட்டி கம்மி. முதல்ல சனா, மதியம் ஒன்றரை, ஆறு பேரு. ரெண்டு வயசையும் எண்ணிக்கைல சேத்து போடணும், இல்லன்னா அங்க போய் நாற்காலி தேடணும். ஒன்றரை இல்லன்னா பன்னெண்டே முக்கால் எடுங்க, ராத்திரி மட்டும் எடுக்காதீங்க. அதுக்கப்பறம் கார்டன் கிரில். ரெண்டும் கிடைக்கலன்னா பதறாதீங்க, பயணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி நிறைய பேர் கேன்சல் பண்ணுவாங்க, தினமும் காலைல காப்பி குடிக்கறப்ப ஒரு தடவை பாருங்க.

மாமனார் சட்டைப் பைக்கு அளவா இருக்கற ஜூஸ் டப்பா கடைல இருக்கு, 120 மில்லி. அப்பாவுக்கு நாங்க அதைத்தான் வாங்கினோம், இந்த தடவை பிரிக்காமலே வீட்டுக்கு வந்துச்சு.